பாலம் ஏறிய இட்லிக் கொப்பரை

வண்டி நின்றதில்கூடப் பட்டாபிராமனுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அது நிற்கும்போதெல்லாம் ஜெயலக்ஷ்மி சந்தோஷமாக இருந்தாளே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இரண்டாவது ஹூக்ளி பாலத்தின் ஏற்றத்தில் முக்கால் தூரம் போனதும் எஞ்சின் இரண்டு முறை இருமியது, புகை கக்கியது, நின்றுவிட்டது. பின்னால் வந்த மினிபஸ்ஸின் கண்டக்டர் தன் பஸ்ஸின் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டி, பட்டாபிராமனின் மூன்று தலைமுறையையும் வங்காளியில் விசாரித்தான். ஜெயலக்ஷ்மியோ நிதானமாக ஜன்னலைத் திறந்து, டப்பாவிலிருந்து தயிர்சாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அதோ பாருங்கோ, கார்டன் ரீச் பக்கம் எவ்வளவு பெரிய கப்பல்!" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பிரியமாகப் பேசியது பாலத்தின் மேல் வண்டி நின்றபோது மட்டும்தான் என்று பட்டாபிராமனுக்குத் தோன்றியது. பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளைச் சட்டை சார்ஜென்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "தாதா, ஆபார்?" என்றார். அண்ணா, மறுபடியுமா என்று கேட்கிறார். பட்டாபிராமன் தலையை ஆட்டினார். சார்ஜென்ட் ஜன்னல் பக்கம் திரும்பி, "மாஷிமா, நல்லா இருக்கீங்களா?" என்று சித்தி முறை வைத்து விசாரித்தார். ஜெயலக்ஷ்மி அவருக்கு ஒரு மாவடு கொடுத்தாள்.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் உண்டு. பட்டாபிராமன் மன்னார்குடியிலிருந்து பாங்க் வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். ஜெயலக்ஷ்மி கல்கத்தாவிலேயே பிறந்தவள், லேக் கார்டன்ஸில் அப்பா வாழ்ந்த அதே மாடி வீட்டில்தான் இன்றும் இருக்கிறாள். பாங்கில் வேலை பார்க்கிறவன் என்றால் இந்தியாவின் நாலு மூலையையும் பார்த்திருக்க வேண்டும். பட்டாபிராமன் பார்த்ததெல்லாம் கல்கத்தாவின் டல்ஹௌசி மூலை ஒன்றுதான். ஜெயலக்ஷ்மி ஊரை விட்டு நகர மாட்டாள் என்பதற்காக, மூன்று முறை வந்த பிரமோஷனை மூன்று முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிட்டையர் ஆன மறு மாதமே, தேயிலைக் கம்பெனி ஒன்று ஏலத்தில் விட்ட பெரிய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கிவிட்டார். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மிச்ச நாளை வண்டியிலேயே ஊர் ஊராகப் போய்க் கழிப்பது என்பது அவருடைய திட்டம்.

புனேயில் இருக்கும் பிள்ளை கிரீஷுக்கு வேறு திட்டம். அப்பா அம்மாவுக்கென்று தன் ஃப்ளாட்டில் ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருந்தான். பாத்ரூமில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கைப்பிடிகூடப் போட்டிருந்தான். அந்தக் கைப்பிடியின் போட்டோவை வாட்ஸப்பில் பார்த்த அன்று பட்டாபிராமன் இரவு சாப்பிடவில்லை.

ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பிள்ளை. நடுவில் ஜெயலக்ஷ்மி தீர்ப்பு சொன்னாள். "வேன் முதல்ல ரெண்டாவது பாலத்தை நிக்காம ஏறி அந்தப் பக்கம் இறங்கட்டும். நானும் உள்ள உக்காந்திருப்பேன். இறங்கின அன்னிக்கு, உங்களோட வரேனா, கிரீஷ் ஆத்துக்குப் போறேனான்னு முடிவு சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் என்னைத் தொந்தரவு பண்ணப்படாது."

பாலத்தைத் தாண்டிவிட்டால் அவள் தன்னோடுதான் வருவாள் என்பதில் பட்டாபிராமனுக்குச் சந்தேகமே இல்லை. வண்டிதான் தாண்டவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாலம்தான் ரொம்பச் செங்குத்து என்று அவரும் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார். அதே பாலத்தில் செங்கல் லாரிகள் அவரைத் தாண்டிப் போனதால் அதை விட்டுவிட்டு, ஏற்றம் இல்லாத ஹவுரா பாலம் வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஹவுராவில் நிமாயிடம் போனார்.

நிமாய் முன்பு ஆற்றில் ஓடும் லாஞ்சுகளின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் ஏன் அந்த வேலையை விட்டான் என்பதற்கு அவன் சொல்லும் காரணம் ஒன்று, லாஞ்சுக்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. எப்படியோ, ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தான். வண்டியின் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "தாதா, வாங்க" என்று பட்டாபிராமனைக் கூப்பிட்டு, அவர் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்படியே இழுத்துக்கொண்டு பட்டறையின் இரும்புப் படியில் மேலே ஏறினான். வாயைத் திறந்தால், "வாயை மூடுங்க" என்று அதட்டினான். பாதிப் படியில் பட்டாபிராமன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துவிட்டார்.

"எப்படி இருக்கு?"

"உயிர் போறது."

"உங்க வண்டிக்கும் அதேதான். எஞ்சின் நல்ல எஞ்சின். அதுக்கு ஹாவா பத்தலை, காத்து. காத்து உள்ளே போகிற டப்பாவைப் பாருங்க, ஸ்கூல் பையன் டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு. இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்த மூக்கா?"

பிறகு தேவையானதைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினான். அகலமான வயிறுள்ள ஒரு பாத்திரம். அதற்குள் ஒன்றின் மேல் ஒன்றாகத் துளை போட்ட தட்டுகள். காற்று சுழன்றடிக்காமல் துளை வழியாக நிதானமாக இறங்க வேண்டும். தூசி போகாமல் தட்டின் மேல் பருத்தித் துணி. பானெட்டுக்குள் அவ்வளவு இடமில்லை, அதனால் கூரை மேல் வைத்து, அங்கிருந்து குழாயில் எஞ்சினுக்குக் காற்றை இறக்க வேண்டும். கூரை மேல் தூசியும் குறைவு, காற்றும் குளிர்ச்சி.

நிமாய் சொல்லச் சொல்லப் பட்டாபிராமனுக்கு மயிர்க் கூச்செறிந்தது. அகலமான வயிறு, துளை போட்ட தட்டு, தட்டின் மேல் துணி. இப்படி ஒரு சாமானை அவர் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் வந்ததைச் சாப்பிட்டும் இருக்கிறார்.

லேக் கார்டன்ஸ் பக்த ஜன சமாஜத்தின் பித்தளை இட்லிக் கொப்பரை, ஒரே ஈட்டில் கல்யாணக் கூட்டத்துக்கே வார்க்கும். சமாஜத்தின் பாத்திரங்கள் எல்லாம் ஜெயலக்ஷ்மி வீட்டுக் கீழறையில் இருந்தன. சாவி அவள் இடுப்பில் இருந்தது. நம்மவர்கள் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் விடுவார்களா? கரண்டி முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் சமாஜத்தின் பேர் வெட்டியிருக்கும். பேர் இருந்தால் சமாஜத்துது, இல்லாவிட்டால் இரவல் வந்தது. அங்கே வேறு சட்டம் கிடையாது. கொப்பரையில் கூடவே இன்னொரு வரியும் உண்டு: 'தி. வெங்கடநாராயணன் உபயம்.' அது ஜெயலக்ஷ்மியின் அப்பா.

அளவு காட்டத்தான் எடுத்துப் போனார், அதை நம்பலாம். ஜெயலக்ஷ்மி காளிகாட் கோவிலுக்குப் போகும்போது சாவியைக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். கொப்பரையைப் போர்வையில் சுற்றி டாக்ஸியில் ஏற்றினார். மூடி கனமாக இருந்ததால் அதை விட்டுவிட்டார். மூக்குக்கு எதற்கு மூடி?

நிமாய் போர்வையைப் பிரித்தான். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்த்தான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவனுக்கு. "இதை எந்த ஃபாக்டரியில செஞ்சாங்க?" என்றான்.

"கும்பகோணத்துல."

"நான் மூணு வருஷமா மனசுல வெச்சிருந்த டிசைன், தாதா. திருடிட்டாங்க."

பட்டாபிராமன் டீ குடிக்கப் போனார். இதே மாதிரி தகரத்தில் ஒன்று செய்ய எத்தனை நாளாகும் என்று கேட்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே மண் குவளை டீயை ஊதி ஊதிக் குடித்தார். திரும்பி வந்தபோது கொப்பரையின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை போட்டு, குழாயை வைத்து வெல்டு அடித்தாகிவிட்டது. "இருக்கிறதை விட்டுட்டு இன்னொண்ணு எதுக்கு?" என்றான் நிமாய். பட்டாபிராமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனாரின் வயிற்றிலேயே ஓட்டை விழுந்ததைப் போல இருந்தது அவருக்கு.

ஆனால் வண்டியை எடுத்து ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்ததும் மாமனாரை மறந்துபோனார். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் போதும், வண்டி கயிறு அறுத்த காளையாக ஓடியது. உள்ளேயிருந்த அடுப்பு, தட்டு, தம்ளர் எல்லாம் பின்பக்கம் போய்ச் சேர்ந்தன. பட்டாபிராமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

பித்தளை பளபளவென்று தெரியக்கூடாது என்பதற்காக, கொப்பரைக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அங்கேதான் தப்பு. ஹவுராவில் லாரிகளுக்குப் படம் போடும் பெயின்டர் ஒருவர் வந்தார், நல்ல கைகாரர், ரொம்ப மனசாட்சி உள்ளவர். வெட்டு எழுத்துகளைப் பார்த்தார். தமிழ் தெரியாது. தெரியாத எழுத்தாயிற்றே, ஒரு சுழிகூடத் தவறக் கூடாது என்று, கறுப்பு அடித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கி மஞ்சளில் வரைந்து சிவப்பில் விளிம்பு கட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு தாமரைகளை வேறு பூக்க வைத்தார்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது ஜெயலக்ஷ்மி மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சமாஜத்தின் செக்ரட்டரி அனந்தகிருஷ்ணன். ஹவுரா தாண்டி சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் நடக்கப்போகும் ராதா கல்யாணத்துக்குப் பாத்திரம் கேட்க வந்திருந்தார். தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு வண்டியின் கூரை தெரியாது. மாடியில் நிற்பவர்களுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். பட்டாபிராமன் இதை யோசிக்கவே இல்லை.

"லேக் கார்டன்ஸ் பக்த ஜன சமாஜம்" என்று அனந்தகிருஷ்ணன் உரக்கப் படித்தார். "தி. வெங்கடநாராயணன் உபயம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

பட்டாபிராமன் படியேறி வருவதற்குள் ஜெயலக்ஷ்மி கீழறையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். கையில் மூடி மட்டும் இருந்தது.

"ஓட்டை போட்டேளா?"

"சின்னதுதான்."

"எவ்வளவு சின்னது?"

பட்டாபிராமன் இரண்டு கையாலும் காட்டினார். முடிந்தவரை குறைத்துத்தான் காட்டினார். ஜெயலக்ஷ்மி மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா பேரைக் கொண்டுபோய் வண்டி உச்சியில ஒட்டிட்டேளே" என்றாள். அது திட்டா, பெருமையா என்று அவருக்கு விளங்கவில்லை.

அனந்தகிருஷ்ணன் ரயில்வேயில் சட்டப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். "கோபப்படாதேங்கோ மாமி, இதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார். "பாத்திரத்துல பேர் இருக்கு, ஆகையால பாத்திரம் சமாஜத்தோடது. பாத்திரத்தை வண்டியோட வெல்டு வெச்சாச்சு, பிரிக்க முடியாது. ஆகையால வண்டியும் சமாஜத்தோடது. ரொம்ப சந்தோஷம் பட்டாபி. இவ்வளவு பெரிய உபயத்தைச் சத்தமில்லாம பண்ணிட்டீர்."

"நான் உபயம் பண்ணலை ஓய்!"

"அப்போ பாத்திரத்தைத் திருடினீரா?"

திருடனாக இருப்பதா, தர்மவானாக இருப்பதா என்று கேட்டால் யார்தான் என்ன சொல்ல முடியும்? ராதா கல்யாணத்துக்கு பாகவதர் கோஷ்டி முழுவதும் சமாஜத்தின் புதிய வண்டியில், பாலம் வழியாக சாந்த்ராகாச்சி போவது என்று அங்கேயே முடிவானது. ஜெயலக்ஷ்மி மட்டும் கேட்டாள்: "அவ்வளவு பேரை ஏத்திண்டு பாலம் ஏறுமா?" கேட்டபோது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பட்டாபிராமனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏறும். அன்னிக்கே ஏறும். அன்னிக்கே நீ முடிவு சொல்லணும்" என்றார். கிரீஷுக்கும் அப்போதே போன் போட்டுச் சொன்னார்.

மார்கழிக் காலை. நிமாய் முதல் நாளே போனில் சொல்லியிருந்தான்: நீளப் பயணத்துக்கு முன்னால் தட்டுத் துணியில் எண்ணெய் தடவுங்கள், அப்போதுதான் தூசி ஒட்டும். என்ன எண்ணெய் என்று அவனும் சொல்லவில்லை, எவ்வளவு என்று இவரும் கேட்கவில்லை. இட்லித் தட்டு என்றால் நல்லெண்ணெய்தானே? பட்டாபிராமன் இட்லி சாப்பிட்டிருக்கிறாரே தவிர வார்த்ததில்லை. ஜெயலக்ஷ்மி குளிக்கும்போது கூரை மேல் ஏறி, எல்லாத் தட்டிலும் துணி சொட்டச் சொட்ட ஒரு பாட்டிலையே கவிழ்த்துவிட்டு இறங்கினார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷன்!

கோஷ்டி ஏறியது. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, இரண்டு வாளி இட்லி மாவு, ராதைக்கும் கிருஷ்ணனுக்கும் பட்டு வஸ்திரம், கட்டிலில் ஏழு பேர், கீழே மிச்சப் பேர். கக்கூஸுக்குள்ளும் ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயலக்ஷ்மி மடிசாரும் மூடியுமாக முன் சீட்டில் ஏறினாள். "மூடி எதுக்கு?" என்றார் பட்டாபிராமன். "கொப்பரை போற இடத்துக்கு மூடியும் போகணும்" என்றாள். பாத்திரப் பொறுப்பு அவளுடையது. மூடியை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களை அவள் எவ்வளவோ பார்த்திருக்கிறாள்.

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி ஏறத் தொடங்கியபோது பட்டாபிராமன் ஸ்டியரிங்கை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் தம் கட்டி உறுமியது. பின்னால் பஜனை ஆரம்பமாகியிருந்தது. முதலில் ஒரு சைக்கிள் பின்னால் போயிற்று, அப்புறம் ஒரு டாக்ஸி, அப்புறம் செங்கல் லாரி. செங்கல் லாரியைத் தாண்டியபோது பட்டாபிராமன் ஹாரனை நீளமாக அடித்தார். எப்போதும் நிற்கும் இடத்தில் சார்ஜென்ட் வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் சாய்ந்து காத்திருந்தார். வண்டி அவரைக் கடந்து போனதைப் பார்த்து, சல்யூட் அடிப்பதா துரத்துவதா என்று தெரியாமல் கையைப் பாதியில் தூக்கியபடி நின்றார்.

"பாத்தியா ஜெயா! பாத்தியா! ஏறிடுத்துடீ!"

பட்டாபிராமன் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் செத்துப்போயிருந்தது. டப்பா திறக்கவில்லை, கப்பல் பார்க்கவில்லை. மூடியின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நடு உச்சியைத் தாண்டிவிட்டது.

"நிறுத்துங்கோ" என்றாள்.

"இங்கேயா? பாலத்து மேலயா?"

"எப்பவும் பாலத்து மேலதானே நிக்கும்."

"அந்தப் பக்கம் இறங்கிட்டா ஜெயிச்சாச்சுடீ!"

"அதனாலதான் சொல்றேன். இறங்கிட்டா நான் முடிவு சொல்லணும்." அவள் குரல் பின்னால் கேட்காதபடி தணிந்தது. "நான் உங்க வேன்லயும் வரலை, கிரீஷ் ஆத்துக்கும் போகலை. எனக்கு இந்த ஊரை விட்டு வர முடியாது. இது ஏறவே ஏறாதுன்னு நெனச்சேன். நீங்க ரிப்பேர் பண்ணிண்டே இருப்பேள், அவனும் காத்துண்டே இருப்பான், நான் பாட்டுக்கு இருந்துடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு தடவை நின்னப்பவும் பெருமாளுக்குத் தேங்கா உடைச்சேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? மூணு தடவை எனக்காக எழுதிக் குடுத்துட்டு உக்காந்தவர்கிட்ட நாலாவது தடவையும் எந்த மூஞ்சியை வெச்சுண்டு கேக்கறது?"

எதிரே ரோடு சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கோனா எக்ஸ்பிரஸ்வே போர்டு தெரிந்தது. அதைப் பிடித்தால் பம்பாய் ரோடு, அதைப் பிடித்தால் பாரத தேசம் முழுவதும். பட்டாபிராமனுக்குக் கோபம் வந்தது, சாதாரணக் கோபம் இல்லை. இந்தப் பொம்மனாட்டிக்காக ஒரு ஜன்மம் முழுக்க ஒரே நாற்காலியைத் தேய்த்தாயிற்று. இன்னும் தேய்க்க வேண்டுமா? ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பட்டாபிராமன் வண்டியை இடது ஓரமாக ஒடித்து பிரேக் போட்டார். சாவியைத் திருப்பி அணைத்தார்.

எஞ்சின் அணையவில்லை.

அணையாததோடு, முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தது. அவர் சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். எஞ்சினுக்கு அதைப்பற்றி அக்கறை இல்லை. உறுமல் ஊளையானது, ஊளை ஏறிக்கொண்டே போனது. வண்டி நடுங்கியது, பின்னால் நீலப் புகை எழுந்து, எள்ளுருண்டை கருகின வாசனை பாலம் முழுவதும் பரவியது. பஜனை கோஷ்டி அதைச் சுருதி என்று நினைத்துக்கொண்டது. எஞ்சின் ஒரு கட்டை ஏறியதும் ஆர்மோனியக்காரர் ஒரு கட்டை ஏற்றினார். கோஷ்டி கண்ணை மூடிக்கொண்டு கூடவே ஏறியது. இப்படியே நாலு கட்டை போனதும் பாகவதருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஆனாலும் பக்தி அவரை விடவில்லை.

பட்டாபிராமன் நிமாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எவ்வளவு எண்ணெய் விட்டீங்க?"

"ஒரு பாட்டில்."

"பாட்டிலா! நாலு சொட்டுனு சொன்னேனே!" அவன் சொல்லவே இல்லை. "எண்ணெயைக் காத்தோட இழுத்து அதையே எரிச்சு ஓடுது தாதா. சாவிக்கு அடங்காது. வெடிக்கிறதுக்குள்ளே அதோட மூக்கை மூடுங்க!"

ஜெயலக்ஷ்மிக்கு வங்காளி நன்றாகவே புரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "துணியில எண்ணெயா விட்டேள்? துணி போட்டா எண்ணெய் எதுக்கு? எண்ணெய் தடவினா துணி எதுக்கு? நாற்பது வருஷமா தின்னேளே, ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கேளா?"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். மூடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கட்டிலில் இருந்த ஏழு பேரையும் மிதித்துக்கொண்டு, கூரையில் காற்றுக்காக வைத்திருந்த கதவைத் திறந்தாள். "மாமி, சமாஜத்து மூடி, பத்திரம்!" என்று அனந்தகிருஷ்ணன் அலறினார். பட்டாபிராமன் கீழிருந்து தள்ளினார், மிருதங்கக்காரர் தோள் கொடுத்தார். மடிசார் கட்டிய ஜெயலக்ஷ்மி ஹூக்ளி நதிக்கு மேலே, அவ்வளவு உயரத்தில், வண்டியின் கூரையில் எழுந்து நின்றாள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்து ஜன்னலில் அப்பிக்கொண்டார்கள்.

அவள் மூடியைக் கொப்பரை மேல் வைத்து அமுக்கினாள். எஞ்சின் கீழிருந்து இழுத்தது, மூடி தடதடவென்று ஆடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டது. ஜெயலக்ஷ்மி ராதைக்கும் கிருஷ்ணனுக்கும் பாலத்தின் மேல் இருந்தே ஒரு கும்பிடு போட்டாள். "அப்பா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு மூடியின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

எஞ்சின் ஒரு முறை திமிறியது. இன்னொரு முறை விக்கியது. அப்புறம் உயிரை விட்டது.

பஜனை அந்தரத்தில் உச்ச ஸ்தாயியில் தனியாக நின்று, சுருதி போன இடம் தெரியாமல், பொத்தென்று விழுந்தது. அதற்கப்புறம் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பட்டாபிராமன் மூச்சு வாங்கக் கூரை மேல் ஏறி வந்தார். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அதை இவ்வளவு உயரத்திலிருந்து அவர் பார்த்ததில்லை. பனிக்குள் விக்டோரியா மண்டபத்தின் கும்மட்டம், மைதானத்து மரங்கள், அந்தப் பக்கம் ஹவுரா பாலம், ஆற்றில் எறும்பாக லாஞ்சுகள். ஜெயலக்ஷ்மி மூடியின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், எழுந்தால் மறுபடி கிளம்பிவிடுமோ என்று பயம்.

சட்டைப் பையில் போன் அடித்தது. கிரீஷ். பட்டாபிராமன் எடுத்தார்.

"என்னப்பா, இன்னிக்குப் பாலம் போறேன்னு சொன்னியே? ஏறிடுத்தா?"

பட்டாபிராமன் திரும்பிப் பார்த்தார். ஏறி வந்த ஏற்றம் முழுவதும் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. முன்னால் இறக்கம், வண்டியை நியூட்ரலில் விட்டால்கூடப் போய்ச் சேர்ந்துவிடும். ஜெயலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மடிசாரின் கரையைத் திருகிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா" என்றார். "ஏறலை. இன்னும் நிறைய வேலை இருக்கு."

"எத்தனை நாளாகும்ப்பா?"

"சொல்ல முடியாது. வருஷக்கணக்கில ஆனாலும் ஆகும்."

போனைப் பையில் போட்டார். ஜெயலக்ஷ்மி கொஞ்சம் நகர்ந்து, மூடியில் அவருக்கும் இடம் விட்டாள்.